எங்கள் ஊர் சோலார் பேட்டரிக்கு வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். சத்தியமங்கலம் மலையில் இருபத்தைந்து வீடுள்ள ஊர் எங்களுடையது. மின்கம்பம் இன்னும் வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஊர்ப்பொதுவில் சோலார் வைத்தார்கள். வீட்டுக்கு ரெண்டு எல்இடி பல்பு, ஒரு செல்போன் சார்ஜ். இப்போது ராத்திரி ஏழரைக்கே எல்லாம் அணைந்துவிடுகிறது. பத்தாவது படிக்கிற பிள்ளைகள் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பேனலில் குறையில்லை, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். சிக்கல் பேட்டரியில்தான். 12 வோல்ட் ட்யூபுலர் (தண்ணீர் ஊற்றுகிற லெட்-ஆசிட் வகை) நான்கு, சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தது. அதில் ரெண்டு, விளக்கு போட்ட கொஞ்ச நேரத்தில் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விடுகிறது. மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றி, தட்டுகள் வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டும் என்று ஊரில் ஒருத்தருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் மனசு ஆறவில்லை.

ரெண்டை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும் என்கிறார்கள், சரிதானா? நான்கையும் எடுத்துவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டால், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற பழைய சார்ஜ் கன்ட்ரோலரே போதுமா, செட்டிங் மாற்ற முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, பராமரிப்புப் பணம். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே நிறுவியது. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், எங்களால் மாசம் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் போட முடியும். இப்படி வசூல் பண்ணிக் கணக்கு வைக்கிற ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம், அதற்குள் தெரிந்தால் நல்லது.