குஞ்சு வாங்கிக் கொடுப்பதா, இருக்கும் கோழியைக் காப்பதா?

தோட்டத்து மகன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்குத் தலா பத்து உயர்ரகக் கம்பத்துக் கோழிக் (நாட்டுக்கோழிக்) குஞ்சுகளை வழங்கலாம் என்று நம் குழுவில் எழுந்துள்ள யோசனையை நான் ஏற்கவில்லை. வெள்ளைக்கழிச்சல் நோயும் மரநாயும் பருந்தும் குஞ்சுகளைக் கொண்டுபோகும் இடத்தில், விலை கூடிய குஞ்சுக்கும் அதே கதிதான். அந்தப் பணம் தடுப்பு மருந்துக்கும் குஞ்சுக் கூண்டுக்கும் போகட்டும்.

பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்):
தம்பி, கோழி பிழைப்பது வேறு, குடும்பம் பிழைப்பது வேறு. நாட்டுப் பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, 21 நாள் அடைகாத்து, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரிவதால், ஆண்டுக்கு மூன்று நான்கு ஈற்றுக்கு மேல் கிடைப்பதில்லை. அந்தக் குஞ்சுகளும் விற்பனைக்கு வர நான்கைந்து மாதமாகும். உணவகக்காரரோ ஒரே எடையுள்ள கோழிகளை ஒரே நாளில் கேட்கிறார். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி ‘ஆயாம் சாகா’ என்ற கம்பத்துக் கோழி இனத்தை வேறெதற்காக உருவாக்கியது? போதாக்குறைக்கு, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போனவர்களுக்கு மேய்ச்சல் நிலமும் இல்லை.

தோட்டத்து மகன்:
ஐயா, நீங்கள் சொன்ன கணக்கிலேயே விடையும் இருக்கிறது. சில நாள்களில் குஞ்சுகளைப் பிரித்து, விளக்குச் சூட்டில் தனிக் கூண்டில் வளர்த்தால், தாய்க்கோழி மாதக்கணக்கில் காத்திராமல் மீண்டும் முட்டைக்கு வந்துவிடும். முட்டைக்கென்றும் இறைச்சிக்கென்றும் தேர்ந்தெடுத்த இனங்கள் பலவும் சரியாக அடைகாப்பதில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கக் குடும்பம் யாரிடம் போகும்?

மருந்து ஒன்றும் நமக்குப் புதிதல்ல. 1980களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தினர் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் ‘வி4’ என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தீவன வழியில் ஒரு குறை உண்டு: வலிய கோழி கூடுதலாகத் தின்னும், மெலிந்ததற்கு மருந்து எட்டாது. அதனால்தான் மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் அதே நோய்க்கான ‘ஐ-2’ மருந்தை நான்கு மாதத்திற்கு ஒருமுறை கண்ணில் சொட்டாக விடுகிறார்கள்.

லயத்து அக்கா:
கடையில் கிடைக்கும் மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. கரைத்த பின் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். பன்னிரண்டு கோழி வைத்திருப்பவள் மீதியைச் சாக்கடையில்தான் ஊற்றுவாள். லயத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து, கோழிகள் அடைந்த பிறகு ஒரே மாலையில் சொட்டு விட்டால்தான் கட்டுப்படியாகும். கிராணி ஐயாவிடமும் ஒரு கேள்வி: உயர்ரகக் கோழி தேங்காய்ப்பூவிலும் மிச்சச் சோற்றிலும் எடை போடாது, கடைத் தீவனம் வேண்டும். அதற்கான சோளமும் சோயாவும் இறக்குமதிப் பொருள். தீவன விலை ஏறி, கோழி தட்டுப்பாடாகி, 2022 ஜூன் 1 முதல் அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தியதே. அப்படி இன்னொரு முறை ஏறினால், மூட்டைக்குப் பணம் யார் தருவது?

பழைய கிராணி:
அம்மா, தீவனச் செலவை நான் மறுக்கவில்லை; ஐந்தாறு குடும்பங்கள் கூட்டாக மூட்டை வாங்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் கோழிகளைத் திறந்து மேயவிடுவதை மட்டும் ஒப்ப மாட்டேன். 2017இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது கம்பத்துக் கோழிகளைத்தான் ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். கழிச்சலுக்கு விடும் சொட்டு அதைத் தடுக்காது. அடைப்பில் வளர்ப்பதென்றால், வேகமாக எடை போடும் இனமே கட்டும். என் வாக்கு குஞ்சுக்கே.

தோட்டத்து மகன்:
அப்படியானால் குஞ்சு வருவதற்கு முன் அடைப்பு வரட்டும், ஐயா. கூண்டும் முதல் சொட்டும் முடிந்த வீட்டுக்கு மட்டுமே குஞ்சு என்று தீர்மானத்தில் எழுதினால், என் எதிர்ப்பை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.