1840 விக்டோரியா ரூபாய்: தேய்ந்த காசு அசல்தானா?

பழங்காசு_76:
கிழக்கிந்தியக் கம்பெனியின் 1840 விக்டோரியா ஒரு ரூபாய். நன்றாகவே தேய்ந்திருக்கிறது. காதுக்கு மேலே முடி இழைகள் போய் வழவழவென்று ஆகிவிட்டது, கொண்டை ஓரளவு தெரிகிறது, பின்பக்கம் ஆண்டும் 'ஒன் ருப்பி' எழுத்தும் தெளிவு. 0.01 கிராம் காட்டும் தராசில் 11.34 கிராம், விட்டம் 30.5 மி.மீ. காந்தம் ஒட்டவில்லை. விளிம்பில் தலைக்கு நேர் மேலே ஒரு சின்னத் தழும்பு. எடை 11.66 இருக்க வேண்டுமாமே, 0.32 கிராம் குறைந்தால் போலியா? கழுத்தின் அடியில் 'டபிள்யூ டபிள்யூ' எழுத்தும் காணோம். பட்டறையில் கொடுத்து உரசிப் பார்க்கலாமா?

உரைகல்:
உரச வேண்டாம் நண்பரே. உரசிய இடம் தழும்பாகவே நிற்கும், காசின் விலையும் அதோடு இறங்கும். உரைகல்லும் அமிலமும் காசின் மேல்தோலைத்தான் சோதிக்கும். கனமாக முலாம் பூசிய காசு அதில் தப்பிவிடும்.

எடை குறைந்ததற்காகக் கவலைப்படாதீர்கள். 11.66 என்பது ஒரு தோலா, 180 கிரெய்ன், நாணயச் சாலையிலிருந்து வெளிவந்த அன்றைய எடை. நீங்கள் சொல்லும் அளவு தேய்ந்த காசில் 2.7 சதவீதம் குறைவது இயல்பு. முடி இழை முழுக்க மழுங்கிய காசு 11.66 சுளையாக நின்றால்தான் யோசிக்க வேண்டும். தேய்ந்த காசைப் பார்த்து அச்சு எடுத்து, புது உலோகத்தை ஊற்றுகிறவன் கையில்தான் அப்படி நடக்கும்.

தேயத் தேய எடை மாறும், அடர்த்தி மாறாது. அதனால் தேய்ந்த காசுக்கு அடர்த்திதான் முதல் சாட்சி. இந்த ரூபாயில் 12-இல் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. கணக்குப்படி அடர்த்தி கன செ.மீ.க்கு 10.34 கிராம் வர வேண்டும். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க அமிழும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கனஅளவு. 11.34-ஐ அதால் வகுங்கள். அசல் என்றால் தராசு 1.10 அருகில் காட்டும். குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்தது) 1.27, பித்தளை 1.33 பக்கம் போகும்.

கவனிக்க வேண்டியது காற்றுக் குமிழி. விளிம்புப் பற்களிலும் எழுத்து மூலைகளிலும் ஒட்டிக்கொண்டு கனஅளவைக் கூட்டிக் காட்டும், நல்ல வெள்ளியும் கலப்படம் போலத் தெரியும். கொதித்து ஆறிய தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

காந்தம் ஒட்டாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. செம்பிலும் பித்தளையிலும்கூட ஒட்டாது.

பத்துமடங்கு_லென்ஸ்:
டபிள்யூ டபிள்யூ என்பது தலையைச் செதுக்கிய வில்லியம் வயனின் முத்திரை எழுத்து. சில அச்சுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. 1840 என்ற ஆண்டை மாற்றாமலே 1861 வரை அடித்தார்கள், அச்சுகள் பலவகை. தலையைச் சுற்றி 'விக்டோரியா குயின்' தொடர்ச்சியாக ஓடுவதும் உண்டு, இருபுறமும் பிரிந்து நிற்பதும் உண்டு. இரண்டும் அசல்தான்.

லென்ஸில் பார்க்க வேண்டியது தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதை. பையிலும் கையிலும் புழங்கிய காசில் மேட்டுப் பகுதி முதலில் தேயும்: காதுக்கு மேல் முடி, கன்னம், பின்பக்க மாலையின் இலை நடுவே. பள்ளங்கள் தப்பிக்கும். உங்கள் காசில் எழுத்தின் அடிப்பகுதி தரையோடு (சுற்றியுள்ள வெற்றுப் பரப்போடு) சேரும் மூலை கூர்மையாக இருக்கிறதா? வார்ப்புக் காசில் அந்த மூலை குழைந்து உருண்டிருக்கும், மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கும். தரையில் ஊசி முனை போன்ற குழிகளோ, எழுத்துக்கு இடையே சிறு பருக்களோ தெரிந்தால் அது வார்ப்பின் அடையாளம்.

அடுத்து விளிம்பு. காசை மெல்லச் சுற்றிக்கொண்டே பற்களைப் பாருங்கள். நடுவில் சுற்றிலும் ஒரு கோடு ஓடினாலோ, அதை அரத்தால் தேய்த்து மறைத்த தடம் இருந்தாலோ, இரண்டு பாதி அச்சில் ஊற்றியது என்று பொருள். தலைக்கு மேலே உள்ள தழும்பு பெரும்பாலும் மாலையில் கோக்க வளையம் பற்றவைத்து எடுத்த இடம். விலை குறையும், அசல் தன்மை குறையாது.

முலாம் பூசிய பழைய போலிகளில் மேட்டுப் பகுதியிலும் விளிம்பிலும் உள்ளே இருக்கும் செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும். அந்த வகையில் தேய்ந்த காசு நமக்குச் சாதகம்.

பழங்காசு_76:
நன்றி சார். முதலில் 1.16 காட்டியது, கணக்கு 9.78 வந்தது. சோப்புச் சொட்டு விட்டு, குமிழியைத் தூரிகையால் தட்டிவிட்டு மூன்று முறை எடுத்தேன்: 1.10, 1.10, 1.09. எழுத்து மூலைகள் கூர்மை. விளிம்பில் கோடு இல்லை, தழும்பு இருக்கும் இடத்தில் மட்டும் நாலைந்து பற்கள் மழுங்கியிருக்கின்றன. இனி நகைக்கடை மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டுமா?

உரைகல்:
10.3-க்குச் சற்று மேல், சரியான இடம். 0.01 தராசில் 0.1 வரை முன்பின் ஆகும், அதற்கு மேல் நுணுக்கம் தேடாதீர்கள். ஒன்று பாக்கி: ஐந்தில் நாலு பங்கு ஈயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்தாலும் 10.2 வந்துவிடும். விரல் நுனியில் காசைத் தாங்கி இன்னொரு காசால் விளிம்பில் தட்டுங்கள். வெள்ளி கணீரென்று இழுத்து ஒலிக்கும், ஈயக் கலவை 'டொக்' என்று நின்றுவிடும். பற்றவைத்த இடமோ மயிரிழை வெடிப்போ இருந்தால் அசலும் மந்தமாக ஒலிக்கலாம். அதனால் ஒலியை மட்டும் வைத்துக் காசைத் தள்ளிவிடாதீர்கள்.

தோலா180:
மெஷின் பற்றி ஒரு எச்சரிக்கை. எக்ஸ் கதிரால் உலோகக் கலவையை அளக்கும் அந்த எக்ஸ்ஆர்எஃப் மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும். பழைய காசின் மேற்பரப்பில் செம்பு அரித்துப் போயிருக்கும், அதனால் வெள்ளி 91.7 சதவீதத்துக்குப் பதில் 94, 95 என்று காட்டலாம். அது குற்றமில்லை. 99 காட்டினால் சந்தேகம் வர வேண்டும்: ஒன்று வெள்ளி முலாம், இல்லையென்றால் இந்தக் காலத்து வெள்ளியில் அடித்த நகல். பண்டிகைக்கு விற்கும் விக்டோரியா தலை போட்ட காசுகள் வெள்ளிதான், ஆனால் நாணயச் சாலையில் அடித்தவை அல்ல. 92.5 வெள்ளியில் அடித்தால் அடர்த்தி 10.36. தண்ணீர்ச் சோதனையில் அசலிலிருந்து பிரிக்கவே முடியாது. அங்கே அச்சு ஒன்றுதான் சாட்சி.

ஏலப் பட்டியல்களில் இதே வகைக் காசின் பெரிய படத்தை எடுத்து, பக்கத்தில் உங்கள் காசின் படத்தை அதே அளவில் வையுங்கள். 1840 எண்களின் வடிவம், நடுவில் உள்ள 'யக் ரூபியா' (ஒரு ரூபாய்) என்ற பாரசீக எழுத்தின் வளைவு, மாலையின் பழங்கள் எத்தனை, ஓரத்து மணிகள் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நகல் அடிப்பவர் பாரசீக எழுத்தில்தான் அதிகம் தவறுவார், படிக்கத் தெரியாமல் வரைந்ததால். பழங்களின் எண்ணிக்கை அசலிலேயே அச்சுக்கு அச்சு மாறும், அதனால் ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள்.

கருமை போகட்டும் என்று புளி, பற்பசை, விபூதி எதுவும் போடாதீர்கள். கருமை மேலே பூசியதா என்று பார்க்கத் தூய அசிட்டோனில் ஒரு நிமிடம் நனைத்தெடுத்தால் போதும். பாலிஷும் எண்ணெய்ப் பூச்சும் கரைந்து வரும், வெள்ளியில் தானே ஏறிய கருமை அசையாது. நகப்பூச்சு நீக்கி வேண்டாம், பலவற்றில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள். படங்களை இங்கே போடுங்கள், பாரசீக எழுத்து நேராகத் தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில்.