இசட்4: கூரைத் தண்ணி எங்கே போகுது?

*குழு: நம்ம வீட்டு ஆளுங்க*

விக்னேஷ் காலை 7:12
ஒரு விளம்பரம் பாத்தேன். பிஎம்டபிள்யூ இசட்4, 3.0ஐ, 2004 மாடல், துணிக் கூரை, ஆறு கியர் மேனுவல், 88,000 கி.மீ. "நல்லா பராமரிச்ச வண்டி, மழையில எடுத்ததே இல்ல"ன்னு போட்டிருக்கார். சனிக்கிழமை பாக்கப் போறேன். என்னென்ன பாக்கணும்?

திவ்யா காலை 7:15
டிக்கியில ஒரு பெட்டியாவது நுழையுமான்னு பாரு விக்கி 😄

விக்னேஷ் காலை 7:15
ரெண்டு பேர் வண்டிக்கு அது போதும்

முரளி மாமா காலை 7:31
"மழையில எடுத்ததே இல்ல"ன்னா நல்ல செய்தின்னு நெனச்சுக்காத மாப்ள. மூடிப் போட்டு நிறுத்தியே வச்ச வண்டியிலயும் இலையும் தூசியும் சேரும். வண்டியைக் கழுவுற தண்ணியும் அதே வழியாத்தான் போகணும். 2002 முதல் 2008 வரைக்கும் வந்த இசட்4 பாடியில (இ85னு சொல்வாங்க) மொதல்ல பாக்க வேண்டியது இன்ஜின் இல்ல, கூரை மோட்டார்.

விக்னேஷ் காலை 7:33
இன்ஜினை விடவா மாமா?

முரளி மாமா காலை 7:44
ஆமா. இந்தக் கூரை இசட் வடிவத்துல மடங்கி சீட்டுக்குப் பின்னாடி இருக்கற குழிக்குள்ள உக்காரும். மேல தனியா மூடி கிடையாது, கூரையோட முன்பாகமே மூடியாயிடும். கூரை மேல விழற தண்ணி ரெண்டு ஓரமும் அந்தக் குழிக்குள்ள இறங்கி, ரப்பர் குழாய் வழியா பின்சக்கரத்துக்கிட்ட வெளிய போகும். அந்தக் குழாயோட வாய் சின்னது. இலைத்தூளும் மண்ணும் சேந்தா அடைச்சுக்கும்.

கூரையைத் தூக்கற ஹைட்ராலிக் பம்ப்பும் மோட்டாரும் அந்தக் குழியோட அடிமட்டத்துல, சத்தம் வராம இருக்க ஒரு ஃபோம் உறைக்குள்ள இருக்கு. வடிகால் அடைச்சா தண்ணி தேங்கும், ஃபோம் பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கும், மோட்டார் உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும். வெளிய ஒரு அறிகுறியும் தெரியாது. ஒருநாள் பட்டனை அமுக்கினா சத்தமே வராது.

முரளி மாமா காலை 7:47
மோட்டார் பார்ட்டை விட கூலிதான் இடிக்கும். முறைப்படி செஞ்சா கூரையையே கழட்டி வெளிய எடுக்கணும். அதனாலதான் நெறைய பேர் மாத்தும்போதே வயரையும் குழாயையும் நீட்டி, மோட்டாரை டிக்கிக்குள்ள கொண்டுவந்து வச்சுடறாங்க. இந்த வண்டியில அப்படிச் செஞ்சிருந்தா குறையா எடுத்துக்காத, அது ப்ளஸ்.

திவ்யா காலை 7:50
அப்ப எப்படி டெஸ்ட் பண்றது மாமா?

முரளி மாமா காலை 8:02
சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, கூரையை முழுசா ரெண்டு தடவை திறந்து மூடச் சொல்லு. டிக்கிக்குள்ள கூரைக்குன்னு ஒரு மடக்குப் பெட்டி இருக்கும், அது கீழ இறங்கியிருந்தாத்தான் கூரை நகரும். அதை மறந்துட்டு "மோட்டார் போச்சு"ன்னு அலறாத. ஒரு வாட்டிக்கு சுமார் 10 நொடி. முனகல், நடுவுல தயக்கம், ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தறது இதெல்லாம் கூடாது.

அப்புறம் கூரையைப் பாதி திறந்த நிலையில நிறுத்தி, குழியோட ரெண்டு மூலையிலயும் அரை அரை லிட்டர் தண்ணியை மெதுவா ஊத்து. பின்சக்கரத்துக்கிட்ட தரையில உடனே சொட்டணும். ஒரு பக்கம் வரலன்னா அந்தப் பக்கம் அடைப்பு. குழிக்குள்ள கையை விட்டு ஃபோமைத் தொட முடிஞ்சா தொட்டுப் பாரு. ஈரமா இருந்தா பேசவே வேண்டாம், மோட்டாருக்கும் சேத்துக் கணக்குப் போடு.

சுதா அத்தை காலை 8:10
அடைப்பு இருந்தா ஏர் கம்ப்ரசர் வச்சு ஊத விடாதடா. குழாய் உள்ள கழண்டுக்கும், அப்புறம் தண்ணி நேரா கேபினுக்குள்ளதான். புல்வெட்டி மெஷின்ல போடற பிளாஸ்டிக் கம்பி ஒரு மீட்டர் போதும், மேலிருந்து சுழட்டிச் சுழட்டி இறக்கு.

பெரியப்பா காலை 8:21
சீட்டைப் பாருப்பா. 88 ஆயிரம்தான் ஓடினதுன்னா டிரைவர் சீட்டோட ஏறி இறங்கற பக்கம் கிழிஞ்சு பளபளன்னு இருக்கக் கூடாது. கியர் நாப், கிளட்ச் பெடல் ரப்பர் ரெண்டும் சாட்சி சொல்லும்.

விக்னேஷ் காலை 8:24
போட்டோவுல சீட் நல்லாத்தான் இருக்கு பெரியப்பா

பெரியப்பா காலை 8:25
போட்டோவுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்

சுதா அத்தை காலை 9:05
இன்ஜின் என் பங்கு. 2004ன்னா எம்54, 2979 சிசி, வரிசையா ஆறு சிலிண்டர், 231 குதிரைசக்தி. பலமான இன்ஜின்தான். கெடறது அதைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக்கும் ரப்பரும். "88 ஆயிரம்தானே"ன்னு விட்டுடாத, பிளாஸ்டிக்குக் கி.மீ. கணக்கு இல்ல, வயசுதான் கணக்கு.

நீ போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்னு சொல்லிடு. போனதும் இன்ஜின் மேல கை வை. சூடா இருந்தா ஏன்னு கேளு. குளிர்ந்த ஸ்டார்ட்ல நீலப் புகை வருதா, ஐடில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம நிக்கும்போது ஓடற ஓட்டம்) தள்ளாடுதா பாரு.

சுதா அத்தை காலை 9:16
ஐடில்ல ஓடும்போது ஆயில் மூடியைத் திற. லேசா உள்ள இழுக்கணும், அவ்வளவுதான். மூடி ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னா, இல்ல விசில் மாதிரி சத்தம் வந்தா, கிராங்க்கேஸ் (இன்ஜினோட அடிப்பெட்டி) காத்துல இருந்து ஆயிலைப் பிரிக்கற வால்வு போயிருக்கு. அது போனா ஆயிலு, காத்து உள்ள போற பாதை (இன்டேக்) வழியா இன்ஜினுக்குள்ள போய் எரியும். மூடிக்கு அடியில வெளிர் மஞ்சளா கூழ் இருந்தா, சின்னச் சின்னத் தூரமே ஓட்டி இன்ஜின் முழுசா சூடாகாத வண்டி. அந்தக் கூழ்தான் பிரிப்பான் குழாய்களை அடைக்கும்.

விக்னேஷ் காலை 9:20
அத்தை, டிஸா டிஸான்னு எங்க பாத்தாலும் எழுதியிருக்காங்களே, அது என்ன?

சுதா அத்தை காலை 9:34
இன்டேக் மேனிஃபோல்டோட பக்கத்துல சொருகின ஒரு கறுப்புப் பெட்டி. உள்ள ஒரு மடிப்புக் கதவு, இன்ஜின் வேகத்துக்குத் தக்கபடி காத்து போற பாதையை மாத்தும். வயசாச்சுன்னா ரெண்டு விதமா கெடும். வெளிய இருக்கற ரப்பர் வளையம் (ஓ-ரிங்) இறுகி காத்து கசியும், அது தொல்லை மட்டும்தான். கதவைப் பிடிச்சிருக்கற பின் தேஞ்சு கழண்டா இன்ஜினுக்குள்ளயே போயிடும், அது ஆபத்து.

டி40 டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்குரூ ரெண்டு, ஒரு பிளக். பத்து நிமிஷத்துல கைக்கு வந்துடும். கதவை விரலால அசைச்சா கடகடன்னு ஆடக் கூடாது, தள்ளினா ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளணும். விக்கறவர் கழட்ட விட்டா பாரு. விடலன்னா வண்டி வாங்கின அன்னிக்கே மொத வேலை இதுதான்.

முரளி மாமா காலை 9:36
நம்ம வீட்டு அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் 🙏 வேனாஸையும் சொல்லிடுங்க

சுதா அத்தை காலை 9:41
வேனாஸ் கேம் டைமிங்கை, அதாவது வால்வு திறந்து மூடற நேரத்தை மாத்தற யூனிட். உள்ள இருக்கற பிஸ்டன் சீல் ரப்பர் இறுகிடும். 3000 ஆர்பிஎம்முக்குக் கீழ இழுவை மந்தமா இருந்து, மேல போனா திடீர்னு உயிர் வரும். இந்த இன்ஜின் 3500லயே 300 நியூட்டன் மீட்டர் தரணும். மூணாவது கியர்ல 1500ல இருந்து மெதுவா மிதிச்சுப் பாரு, சீரா ஏறணும். சீல் மாத்தற கிட் தனியா கிடைக்குது, யூனிட்டையே மாத்தச் சொன்னா நம்பாத.

சுதா அத்தை காலை 9:58
வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கற ஸ்கேனர் கட்டாயம் எடுத்துட்டுப் போ. மூணு விஷயம் மட்டும் பாரு:
ஒண்ணு, ரெடினெஸ் மானிட்டர், வண்டி தன்னைத் தானே சோதிச்சு முடிச்சதான்னு காட்டறது. எல்லாமே "முடியலை"ன்னு காட்டினா சமீபத்துல யாரோ பழுதுக் குறியீடுகளை அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரியைக் கழட்டியிருக்காங்க.
ரெண்டு, ஃபியூயல் டிரிம், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற அளவு. ஐடில்ல ரொம்ப பாசிட்டிவ்ல இருந்து 2500 ஆர்பிஎம்ல பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல வந்தா எங்கேயோ காத்து கசியுது. பி0171, பி0174ங்கற பழுதுக் குறியீடு ரெண்டும் சேந்து வந்தாலும் அதேதான். இன்டேக் ரப்பர் குழாய் மடிப்புல விரிசல் இருக்கும்.
மூணு, கூலன்ட் டிகிரி. நெடுஞ்சாலையில 75, 80லயே நின்னா கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடற தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிச்சு. 90க்கு மேல வந்து நிலையா நிக்கணும்.

பெரியப்பா காலை 10:12
கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக் தையல்ல வெள்ளைக் கறை இருந்தா கசிவு. அதை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல. டேங்க், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மேல் கீழ் ஹோஸ் எல்லாம் ஒண்ணா. எப்ப மாத்தினாங்கன்னு பில் கேளு. பில் இல்லன்னா மாத்தலைன்னு வச்சுக்கோ.

விக்னேஷ் காலை 10:15
2006க்கு அப்புறம் வந்த 3.0எஸ்ஐ எடுத்தா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையா?

சுதா அத்தை காலை 10:23
அது என்52, 265 குதிரைசக்தி. டிஸா அதுலயும் உண்டு. வாட்டர் பம்ப் மின்சாரத்துல ஓடும், சொல்லாம கொள்ளாம நிக்கும். பிளாக்கு மெக்னீசியமும் அலுமினியமும் சேந்தது, அதனால நெறைய போல்ட் அலுமினியம், கழட்டினா புதுசுதான் போடணும். தொல்லை வேற மாதிரி, அவ்வளவுதான். வருஷத்தைப் பாத்து எடுக்காத, பில் இருக்கற வண்டியை எடு.

முரளி மாமா காலை 10:40
ஓட்டிப் பாக்கறதுக்கு: இதுல மின்சார ஸ்டீயரிங். வெயில்ல கேபின் சூடானப்புறம், நேரா போற ரோட்டுல நடு நிலையில ஒட்டிக்கும். சின்னதா திருப்ப நெனச்சா முதல்ல வராது, அப்புறம் டக்குனு விடும். காலைக் குளிர்ல பத்து நிமிஷம் ஓட்டினா தெரியவே தெரியாது. அதனால மத்தியானம் போ, குறைஞ்சது அரை மணி நேரம் ஓட்டு.

பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கினா டிஸ்க் மட்டும்னு நெனக்காத, முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கன்ட்ரோல் ஆர்மோட பின்பக்க ரப்பர் புஷ் கிழிஞ்சிருக்கலாம். முன்டயரோட உள்விளிம்பு தேஞ்சிருக்கான்னு தடவிப் பாரு. பின் ஸ்பிரிங்கோட அடிச்சுருள் உடையறது இந்த வண்டியில சகஜம். ஒரு பின்பக்கம் தாழ்ந்து நின்னா டார்ச் அடிச்சுப் பாரு.

திவ்யா காலை 10:44
டயர்?

முரளி மாமா காலை 10:49
18 இன்ச் வீல்னா முன்னாடி 225/40, பின்னாடி 255/35. ரன்ஃபிளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்), ஸ்டெப்னி கிடையாது. யாராவது சாதா டயர் போட்டிருந்தா ஓட்டம் மெத்துனு இருக்கும், ஆனா பஞ்சர் கிட் இருக்கான்னு பாரு. டயர் ஓரத்துல இருக்கற டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச வாரமும் வருஷமும். கொஞ்சமா ஓடற வண்டியில டயர் தேயாது, காஞ்சு வெடிக்கும்.

பெரியப்பா காலை 11:03
துணிக் கூரையை மூடி உள்ள உக்காந்து மேல பாரு. மடிப்புல பொட்டு வெளிச்சம் தெரிஞ்சா தேஞ்சுடுச்சு. பின் கண்ணாடி நிஜக் கண்ணாடி, சூடு பண்ற கோடு வேலை செய்யணும். கதவைத் திறக்கும்போது ஜன்னல் கொஞ்சம் தானா இறங்கணும், மூடினா ஏறணும். இறங்காம மூடி மூடியே ரப்பர் சீல் நாசமாகும். ஏர்பேக் விளக்கு எரிஞ்சா பக்கத்து சீட்டுல ஆள் உக்காந்திருக்கறதை உணர்ற சென்சர் விரிப்பு கெட்டிருக்கலாம், லேசுல விடாத.

விக்னேஷ் மதியம் 1:20
விக்கறவர்கிட்ட இப்பத்தான் பேசினேன். கூரையை ரெண்டு தடவை திறந்து ஒரு வீடியோ அனுப்புங்கன்னேன். "பேட்டரி வீக்கா இருக்கு, நேர்ல பாத்துக்கலாம்"ங்கறார்.

திவ்யா மதியம் 1:21
😬

முரளி மாமா மதியம் 1:30
இருக்கலாம். வோல்ட் குறைஞ்சா கூரை நகராதுதான், பொய்னு இப்பவே முடிவு கட்டாத. மல்டிமீட்டரும் ஜம்ப் கேபிளும் எடுத்துட்டுப் போ. நின்ன நிலையில 12.4க்குக் கீழ இருந்தா பேட்டரி இறங்கியிருக்குன்னு அர்த்தம். பேட்டரி டிக்கியில இருக்கும், ஆனா கேபிளை பானட்டுக்குள்ள இருக்கற பிளஸ் முனையில மாட்டு. ஸ்டார்ட் ஆனதும் 13.8ல இருந்து 14.4க்குள்ள வரணும்.

முரளி மாமா மதியம் 1:31
14 வோல்ட் வந்தும், டிக்கிக்குள்ள அந்தப் பெட்டி இறங்கியிருந்தும், பட்டனை அமுக்கினா சத்தமே இல்லைன்னா பேட்டரி மேல பழி போட முடியாது. மோட்டாரா, ரிலேவா, வயரிங்கான்னு தேடற வேலை அவரோடது. தேடி முடிச்சப்புறம் கூப்பிடச் சொல்லிட்டு வந்துடு.

விக்னேஷ் மதியம் 1:34
சரி மாமா. டி40 உங்ககிட்ட இருக்கா அத்தை?

சுதா அத்தை மதியம் 1:36
நீளக் கைப்பிடி உள்ளது இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கோ, ஸ்கேனரும் தரேன்.