ஊர்க் கபடிப் போட்டி பார்த்து மாறிய பையன்: ஊக்கப்படுத்தலாமா?

பொங்கலுக்கு எங்கள் ஊரில் ராத்திரி விளக்கு போட்டு நடந்த கபடியை என் மகன் விடியவிடிய உட்கார்ந்து பார்த்தான். எட்டாவது படிக்கிறான். மறுநாளிலிருந்து களத்துமேட்டில் கோடு கிழித்துப் பையன்களோடு தினமும் ஆடுகிறான். வீட்டில் படிப்பு கெடும் என்கிறார்கள். விடலாமா?

பதில் 1: தாராளமாக விடுங்கள் அண்ணே. மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்துக்காரர்தான், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், அர்ஜுனா விருதும் வாங்கினார். டிவியில் பார்க்கும் வீரர் எங்கோ இருக்கிறார், ஆனால் பக்கத்துத் தெரு அண்ணன் நம் கண்ணெதிரே நான்கு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ‘நாமும் ஆடலாம்’ என்று பிள்ளைக்குத் தோன்றும்.

பதில் 2: கிரிக்கெட்டிலும் இதேதான். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். அப்புறம் சொந்த ஊரிலேயே மைதானமும் அமைத்தார், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பதில் 3: ஆர்வம் மட்டும் போதாது சார். மண்ணில் ஆடிப் பழகியவன் பெரிய போட்டிகளில் விரிக்கும் ‘மேட்’ விரிப்பில் ஷூ போட்டு ஆடும்போது தடுமாறுவான், வயதோடு எடையும் பார்ப்பார்கள். பள்ளி பி.டி. சாரிடம் பேசுங்கள். போட்டி நடத்துபவர்களும் சாயங்காலமே சிறுவர் ஆட்டம் இரண்டு வைக்கலாம், முதலுதவிப் பெட்டி கட்டாயம் வேண்டும். எங்கள் ஊரில் முழங்கால் பிசகிய பையனுக்குக் கட்டுப்போடத் துணிகூட இல்லை.

கேட்டவர்: நன்றி. திங்கட்கிழமை பி.டி. சாரைப் பார்க்கிறேன்.