தனக்குத் தானே தபால் போட்டுக்கொண்டால் காப்புரிமை கிடைத்துவிடுமாம்!

உளிச்சத்தம்:
"புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தீர்களா? வரைபடத்தை உறையில் போட்டு ஒட்டி, உங்கள் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வந்ததும் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வையுங்கள். அதுதான் ஏழையின் காப்புரிமை. வழக்கறிஞருக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள்."

நேற்று நம் இணைய மன்றத்தில் ஒரு புதியவருக்குப் பட்டறைவாசி ஐயா அருளிய அறிவுரை இது. அதற்கு வரிசையாக நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினான்கு ஆண்டுகளாகக் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பம் எழுதித்தான் பிழைக்கிறேன். இந்த உறைக் கதையை நம்பிக் கெட்டவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நாளை ஒருவன் உங்கள் பொருளை அப்படியே செய்து விற்கிறான். அந்த உறையைக் காட்டி அவனை எப்படித் தடுப்பீர்கள்? காப்புரிமை என்பது அடுத்தவன் செய்வதைத் தடுக்கும் உரிமை. அதை அரசு ஆராய்ந்து தரவேண்டும். தபால்காரர் தரமுடியாது.

பட்டறைவாசி:
தம்பி, தபால் முத்திரை அரசாங்க முத்திரையா இல்லையா? அதில் தேதி இருக்கிறதா இல்லையா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள்.

என் பீரோவில் பதினோரு உறைகள் இருக்கின்றன. முதல் உறைக்கு உங்கள் தொழில் அனுபவத்தைவிட வயது அதிகம். இதுவரை ஒருவரும் என் கண்டுபிடிப்பைத் திருடவில்லை.

உளிச்சத்தம்:
திருடவில்லை என்றால் உறை காத்தது என்று பொருளா? என் வீட்டில் புலி வராமலிருப்பதற்கு வாசலில் கட்டிய எலுமிச்சம்பழம்தான் காரணம் என்பது போலிருக்கிறது. தம்பி என்று அழைக்கவேண்டாம் என்று சென்ற முறையே கேட்டுக்கொண்டேன்.

உறையில் தேதி இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தத் தேதியை யார் கேட்கிறார்கள்? இன்று ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. "முதலில் கண்டுபிடித்தவருக்கே" என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தது அமெரிக்கா. அதுவும் 2013 மார்ச் 16 முதல் மாறிவிட்டது.

பட்டறைவாசி:
ஆக, 2013 மார்ச் 15 வரை என் உறை செல்லுபடியாகும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். மற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். என் உறைகளில் எட்டு அதற்கு முந்தியவை.

உளிச்சத்தம்:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? அப்போதும் செல்லாது! யோசனை தோன்றிய நாளை நிரூபிக்க, விஷயம் புரிந்த வேறொருவரின் சாட்சியம் வேண்டும். இடைவிடாமல் அதில் உழைத்ததற்கும் ஆதாரம் வேண்டும். தனக்குத் தானே போட்டுக்கொண்ட தபாலை யாரும் சாட்சியாக மதிக்கவில்லை. இதற்காகவே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கண்டுபிடிப்பு விவர ஆவணங்களை வாங்கி வைக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. விவரம் தெரியாதவர்கள் அதையே காப்புரிமை என்று நம்பி ஏமாந்தார்கள். 2007-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. ஒட்டாத வெறும் உறையைத் தபாலில் போட்டு, வந்த பிறகு உள்ளே எதையும் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்த தந்திரம்.

பட்டறைவாசி:
ஒட்டாத உறையைப் பதிவுத் தபாலில் எந்த முட்டாள் வாங்குவான்? நான் நான்கு மடிப்பிலும் அரக்கு வைப்பவன். பிரித்தால் தெரியும். ஆவி காட்டினாலும் தெரியும். நீங்கள் அரக்கைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒன்பதாம்திருகு:
இரண்டு பேரும் அரக்கில் ஒட்டிக்கொண்டு கிடங்கள். உறையும் வேண்டாம், காப்புரிமையும் வேண்டாம் என்பது என் கட்சி.

ராபர்ட் கியர்ன்ஸ் என்று ஒருவர். விட்டுவிட்டு இயங்கும் கார் கண்ணாடித் துடைப்பானைக் கண்டுபிடித்து, 1967-இல் முறையாகக் காப்புரிமையும் வாங்கினார். 1978-இல் ஃபோர்டு மீது வழக்கு. 1990-இல்தான் அவர்கள் 1 கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் மனிதர் குடும்பத்தையும் நிம்மதியையும் தொலைத்துவிட்டார். காப்புரிமை என்பது வழக்குப் போட ஒரு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். காசிருப்பவன் உள்ளே போவான்.

எனக்கும் அனுபவம் உண்டு. கூட்டாளி என்று நம்பி வரைபடத்தைக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் தன் பெயரில் விண்ணப்பித்துவிட்டான். அன்று இந்த உறைக்காரர்களும் வரவில்லை, விண்ணப்பக்காரர்களும் வரவில்லை.

உளிச்சத்தம்:
உங்கள் கூட்டாளி செய்தது அயோக்கியத்தனம். அடுத்தவரிடமிருந்து எடுத்த கண்டுபிடிப்பு என்று நிரூபித்தால் அந்த விண்ணப்பத்தை உங்கள் பெயருக்கு மாற்றவோ ரத்து செய்யவோ பெரும்பாலான நாடுகளில் வழி உண்டு. கொடுக்கும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினீர்களா?

ஒன்பதாம்திருகு:
நண்பனிடம் கையெழுத்தா கேட்பார்கள்? உங்கள் வீட்டில் கேட்பீர்கள் போலிருக்கிறது.

பட்டறைவாசி:
ஒன்பதாம்திருகு அவர்களே, கொடுப்பதற்கு முதல் நாள் ஓர் உறை போட்டிருந்தால், உங்களிடம் முன்பே இருந்தது என்பதற்குத் தேதியிட்ட ஆதாரம் இருந்திருக்கும். இதைத்தான் தொண்டை வறளச் சொல்கிறேன்.

தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தோனியோ மியூச்சி பெல்லுக்கு முந்தியவர். ஏழை. காசில்லாமல்தானே ஏமாந்தார்? ஓர் உறை போட்டிருந்தால் வரலாறே வேறு.

உளிச்சத்தம்:
மியூச்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் படித்திருக்கலாம். அவர் 1871-இல் காப்புரிமை அலுவலகத்திலேயே முன்னறிவிப்பு மனு, அதாவது முழு விண்ணப்பம் பின்னால் வரும் என்று சொல்லிவைக்கும் மனு, கொடுத்தார். உங்கள் உறையைவிட நூறு மடங்கு வலுவான சங்கதி. 1874-க்குப் பிறகு புதுப்பிக்கப் பணமில்லை, மனு காலாவதியானது. 1876 மார்ச் 7-இல் பெல்லுக்குக் காப்புரிமை போய்விட்டது. அலுவலகமே வாங்கி வைத்த மனு காப்பாற்றாதபோது பீரோவில் தூங்கும் உறை காப்பாற்றுமா?

பட்டறைவாசி:
2002-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவர் பணியைப் பாராட்டித் தீர்மானம் போட்டதே, அது எதை வைத்து? தேதியிட்ட காகிதத்தை வைத்துத்தான்.

உளிச்சத்தம்:
அவர் 1889-இல் இறந்துவிட்டார் ஐயா. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த பாராட்டு. உங்கள் பதினோரு உறைகளுக்கும் அப்படித்தான் பலன் வரும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சொல்லாய்வன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடிப்படையே தவறு. "காப்புரிமை" என்ற சொல்லைப் பாட்டுக்கும் கதைக்கும் போட்டுவிட்டு இயந்திரத்துக்கும் போட்டால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? பாட்டுக்குப் பதிப்புரிமை, இயந்திரத்துக்கு ஆக்கவுரிமை. முன்னது படைத்த கணமே பிறக்கிறது. பின்னது கேட்டுப் பெறவேண்டியது. பட்டறைவாசி பதிப்புரிமைக்காரர்களின் பழக்கத்தை இதற்குள் கொண்டுவந்துவிட்டார் என்பது என் ஐயம்.

பேட்டன்ட் என்பதன் மூலம் லத்தீன். 'திறந்த மடல்' என்று பொருள். அரசர் எல்லோரும் படிக்கும்படி பிரித்தே வெளியிட்ட சாசனம்.

உளிச்சத்தம்:
இதற்கு மேல் என்ன வேண்டும்? பெயரே திறந்த மடல்! பேரமே அதுதான். உன் ரகசியத்தை ஊரறியச் சொல், அதற்கு ஈடாக விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் தனியுரிமை தருகிறேன் என்கிறது அரசு. அதனால்தான் விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதத்தில் வெளியிடப்படுகிறது. நீங்கள் எதையும் சொல்லாமல் உறைக்குள் மூடி வைத்துக்கொண்டு உரிமை கேட்கிறீர்கள். கடையைச் சாத்திவிட்டு வியாபாரம் ஆகவில்லை என்பது போல.

பட்டறைவாசி:
அந்தத் திறந்த மடலில் முத்திரை தொங்கியதா இல்லையா? சொல்லாய்வன் ஐயா, நீங்களே சொல்லுங்கள்.

சொல்லாய்வன்:
தொங்கியது. முத்திரையை உடைக்காமலே படிக்கும்படி அடியில் தொங்கவிட்டார்கள்.

பட்டறைவாசி:
முத்திரை இருந்தது. வேறு கேள்வி இல்லை.

உளிச்சத்தம்:
கடவுளே.

பட்டறைவாசி:
நேற்று முழுவதும் தேடினேன். பிரான்சு நாட்டில் 'சொலோ உறை' என்று ஒன்று இருக்கிறதாமே? 1915 முதல் இருக்கிறது. அந்த நாட்டுத் தொழில் சொத்துரிமை அலுவலகமே நடத்துகிறது. உறை! பெயரிலேயே உறை! இத்தனை நாள் என்னைக் கேலி செய்தவர்கள் வரிசையாக வரலாம். அவசரமில்லை.

உளிச்சத்தம்:
இருக்கிறது. எனக்குத் தெரியும்.

பட்டறைவாசி:
தெரிந்தும் மறைத்தீர்களா? நாலு பேர் காசு கொடுக்காமல் பிழைத்துவிடுவார்கள் என்ற பயமா?

உளிச்சத்தம்:
மறைக்கவில்லை, பொருந்தாது என்பதால் சொல்லவில்லை. அந்தக் காகித உறைக்கு இரண்டு அறைகள் இருந்தன, இப்போது அது இணையவழிக்கு மாறிவிட்டது. இரண்டிலும் ஒரே விவரத்தை வைத்து அலுவலகத்துக்கு அனுப்பவேண்டியிருந்தது. அவர்கள் தேதிக் குறியிட்டு ஒரு பாதியை உங்களுக்குத் திருப்பி அனுப்பி, மறு பாதியைத் தாங்களே ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தார்கள், ஒருமுறை நீட்டிக்கவும் முடிந்தது. மறு பாதி அவர்களிடம் இருப்பதுதான் உயிர்நாடி. உங்கள் பீரோவில் இரண்டு பாதியும் நீங்களே.

அதனால் கிடைப்பது என்ன? பின்னால் வேறொருவர் காப்புரிமை வாங்கினாலும், நேர்மையாக அது முன்பே உங்களிடம் இருந்தது என்று காட்டி, பிரான்சுக்குள் நீங்கள் மட்டும் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ளலாம். அடுத்தவரைத் தடுக்கமுடியாது. அவருடைய காப்புரிமையையும் சாய்க்கமுடியாது. முன்பே ஊரறிந்த பொருள் என்று காட்டினால்தான் அது சாயும், மூடிக் கிடந்த உறை ஊரறிந்த செய்தி ஆகாதே. ஜெர்மனி, பிரிட்டன் போன்ற இடங்களில் முன்பயன்பாட்டு உரிமை பெறக் காகிதம் மட்டும் போதாது. உண்மையாகவே பயன்படுத்தியிருக்கவேண்டும், அல்லது அதற்கான ஏற்பாட்டில் இறங்கியிருக்கவேண்டும்.

பட்டறைவாசி:
நீளமாக எழுதினால் உண்மை மறைந்துவிடாது. உறையால் உரிமை கிடைக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மேலே இருக்கிறது. அழித்துவிடாதீர்கள்.

ஒன்பதாம்திருகு:
இவர்தானே போன மாதம் நிரந்தர இயக்க இயந்திரத்துக்கும் உறை போட்டதாகச் சொன்னவர்?

பட்டறைவாசி:
அது நிரந்தர இயக்கம் அல்ல, நீண்டகால இயக்கம். அந்த வேறுபாட்டை விளக்கி மூன்று பக்கம் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை. கூட்டாளியிடம் ஏமாந்தவர் எனக்குப் பாடம் நடத்தவேண்டாம்.

ஒன்பதாம்திருகு:
என் கூட்டாளியை இழுப்பதற்கு உங்களுக்கு என்ன தகுதி? அவனாவது ஒரு விண்ணப்பம் போட்டான்!

கற்றுக்குட்டி:
வணக்கம். அந்த அறிவுரையைக் கேட்டவன் நான்தான். ஒரு சிறிய சந்தேகம். நான் இரண்டு மாதம் முன்பே என் கருவி வேலை செய்வதைக் காணொளியாக வெளியிட்டுவிட்டேன். உள்ளமைப்பும் அதில் தெரிகிறது. இப்போது என்ன செய்யலாம்?

உளிச்சத்தம்:
ஐயோ. முதலில் அதை எடுத்துவிடுங்கள். எடுத்தாலும் வெளியானது வெளியானதுதான். ஐரோப்பியக் காப்புரிமைக்கு வாய்ப்பு ஏறக்குறையப் போய்விட்டது, அங்கே நாமே வெளியிட்டதும் நமக்கு எதிராகத்தான் நிற்கும். அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியாவில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த ஓராண்டில் இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டீர்கள். உடனே தற்காலிக விண்ணப்பமாவது போடுங்கள். அதில் கருவி எப்படி இயங்குகிறது என்பதை முழுமையாக எழுதவேண்டும், இரண்டு வரி எழுதித் தேதி பிடிப்பது உதவாது. பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விண்ணப்பம். 1883 பாரிஸ் உடன்படிக்கையின்படி அதே பன்னிரண்டு மாதத்துக்குள் மற்ற நாடுகளிலும் அந்த முதல் தேதியைக் கோரலாம். ஆனால் காணொளி அந்தத் தேதிக்கும் முந்தியது.

காட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1881 தீர்ப்பு ஒன்று போதும். உள்ளாடைக்கான எஃகுக் கம்பியைக் கண்டுபிடித்தவர் 1855-இல் தோழி ஒருத்திக்கு ஒரு ஜோடியும் 1858-இல் இன்னொரு ஜோடியும் கொடுத்தார். 1866-இல்தான் விண்ணப்பித்தார். அவள் உடைக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல் அணிந்திருந்ததையும் பொதுப் பயன்பாடு என்று சொல்லிக் காப்புரிமையைச் செல்லாததாக்கினார்கள்.

ஒன்பதாம்திருகு:
அந்தத் தோழியிடமும் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும் என்பீர்கள்.

உளிச்சத்தம்:
ஆமாம்!

சொல்லாய்வன்:
"தற்காலிக விண்ணப்பம்" என்பதும் பொருந்தாது. "முன்னோடி விண்ணப்பம்" என்பதே சரி. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

பட்டறைவாசி:
கற்றுக்குட்டி, பயப்படாதீர்கள். காணொளியை ஒரு குறுவட்டில் பதிந்து உறையில் போட்டு அனுப்புங்கள்.

உளிச்சத்தம்:
நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பிரான்சுக் காகித உறையிலேயே வட்டு போடக்கூடாது என்றுதான் விதி இருந்தது! அட்டை கூடாது, ரப்பர் கூடாது, ஸ்டேப்ளர் பின் கூடாது. அறைக்கு ஏழு தாள்தான்.

பட்டறைவாசி:
இப்போது பிரான்சு உறையின் விதிகளை வைத்தே வாதாடுகிறீர்கள். அதாவது உறையை ஏற்றுக்கொண்டீர்கள்.

கற்றுக்குட்டி:
நான் எந்த நாட்டில் முதலில் விண்ணப்பிப்பது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பட்டறைவாசி:
இன்று காலை பன்னிரண்டாவது உறையை அனுப்பிவிட்டேன். இந்த விவாதம் முழுவதையும் அச்செடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பது தேதியோடு இருக்கும்.

உளிச்சத்தம்:
ஏழு தாளுக்குள் அடங்கியதா? பின் குத்தினீர்களா?