ஓர்வால் பீர் ஈப்போ பக்கம் எங்கே கிடைக்கும்?

குழு அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் வசிக்கும் நான், பெல்ஜியத்து ஓர்வால் மடாலயத்தில் 1931இல் நிறுவப்பட்ட ஆலையின் பீரைத் தேடி ஓராண்டாக அலைகிறேன். பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட் போத்தலுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருப்பதால், புதிதில் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பு தூக்கலாக இருக்கும் அந்தப் பீர், மாதங்கள் செல்லச் செல்ல இனிப்பு வற்றி வேறொரு சுவைக்கு மாறிவிடும். அந்த மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் எனக்குச் சுகம்.

சென்ற மாதம் ஈப்போவில் ஒரு கடையில், போலிங் கட்டையைப் போன்ற அந்தப் பழுப்புப் போத்தலைக் கண்டதும் விலையைக்கூடக் கேட்காமல் இரண்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து தூசியைத் துடைத்தபோதுதான், லேபிளின் ஒரு பக்கம் வெயிலில் வெளிறியிருந்தது தெரிந்தது. திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. (தோட்டத்துக் கள் புளித்தாலும் இதைவிட நேர்மையாகப் புளிக்கும்.)

ஆகவே, சரக்கைக் குளிர்ந்த இருட்டில் வைத்து, போத்தலில் அடைத்த தேதியை வாங்குமுன் பார்க்க அனுமதிக்கும் கடை ஈப்போவிலோ தைப்பிங்கிலோ உண்டா? கோலாலம்பூரில்தான் கிடைக்கும் என்றால், பகல் வெயிலில் கொதிக்கும் பேருந்தின் அடிப்பகுதியில் வைக்காமல் கொண்டுவர என்ன வழி என்பதையும், நீங்கள் கொடுத்த விலையையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.