மாரியில் பிட்ச் மேல் விரிக்கும் தும்புப் பாய்: ஆணி நிற்குதில்லை, வழி சொல்லுங்க

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் எங்கட கிரிக்கெட் மைதானத்தில் புல் பிட்ச். மாரியில் அது கிழியாமல், பயிற்சிக்கு 66 அடி தும்புப் பாய் விரிக்கிறோம். (ஸ்கொட்லாந்தின் சென் அன்றூஸ் கோல்ஃப் மைதானத்தில் குளிர்காலத்தில் கோல்ஃப்காரர் பாய்த்துண்டில் பந்தை வைத்து அடிப்பதும் இதுக்குத்தான்.)

பிட்ச் களிமண்; அதில் ஆணி அடித்தால் பிடிக்கும், ஆனால் ஓரம் வெடிக்கும். அதனால் பாயின் ஓரத்துக் கண்களில் (துளைகளில்) கயிறு கட்டி, வெளியே மணலில் 6 அங்குல ஆணி. ஈர மணல் அதைப் பிடிக்காது. பந்துவீச்சாளர் கால் ஊன்றியதும் பாய் இழுபட்டு மடிப்பு விழும். மடிப்பில் பட்ட பந்து எங்க எழும்பும் என்று சொல்லேலாது.

12 மி.மீ. கம்பியை ஒன்றரை அடிக்கு வெட்டி, தலையை வளைத்துச் சரிவாக அடித்தால் நிற்குமா? இல்லை, மணலுக்குள் மரக்கட்டை புதைத்துக் கட்டுவதா? எத்தனை அடிக்கு ஒன்று?

நிரந்தரமாக விரித்துவிடுங்க என்று மட்டும் சொல்லாதீங்க: அடியில் புல் மஞ்சளாகும், தும்பும் உக்கும். களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் மணலில் விரிக்கிறவங்க படம் இருந்தால் போடுங்க.